பலகைக்கு எதிர்ப்பக்கம்

(அந்தமானின் அபர்டீன் பஜாரில் நடந்த ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பல்லாங்குழி தெரியாதவர்கள் இந்த அரங்கில் அதிகம் பேர் இருக்க மாட்டீர்கள். தெலுங்கு டீச்சர்கள் அதை வாமன குண்டலு என்பீர்கள். இலங்கையில் இருந்து வந்து கட்சால் தீவில் குடியேறிய குடும்பங்களின் பெரியவர்கள், அங்கே சிங்களவர்கள் அதையே ஒலிந்த கெலிய என்று ஆடுவதைப் பார்த்திருப்பார்கள். ஒலிந்த என்றால் நம்முடைய குன்றிமணிதான். ஆளுக்கு 7 குழி, மொத்தம் 14. குழிக்கு 5 முத்து என்றால் 70 முத்து. ஒரு குழியை அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்து வைத்துக்கொள்ளலாம்; அத்தோடு முறை முடிந்தது. ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும். நான் சொல்வது எங்கள் வீட்டு விதி.

இந்த ஆட்டத்தை நான் ஐந்து வயதில் இருந்து ஆடுகிறேன். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராகவும் இருந்திருக்கிறேன். ஒரு மழை நாளில், மைதானத்துக்குப் போக வழியில்லாமல் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வராண்டாவில் சாக்பீஸால் குழி வரைந்து, புளியங்கொட்டை வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆள் குறைந்ததால் நானும் தரையில் உட்கார்ந்தேன். முதலில் எந்தக் குழியை எடுக்கலாம் என்று யோசித்துக் கை நீட்டியபோது எதிரே இருந்த பெண் சொன்னாள்: “சார், எதை எடுத்தாலும் ஏழுதான் வரும். யோசிக்காம எடுங்க.”

நான் நம்பவில்லை. முதல் குழியை எடுத்தேன். 5 முத்து, 2-இலிருந்து 6 வரை விழுந்தது. 7-ஐ அள்ளினேன், 12 வரை போனது. 13-ஐ அள்ளினேன், சுற்றி வந்து 4 வரை. 5-ஆம் குழியில் இப்போது 6 முத்து. அள்ளினேன், 11 வரை. 12-இலும் 6, அள்ளினேன், 4 வரை வந்து கை காலி. அடுத்தது 5-ஆம் குழி. அதை நானே சற்று முன் அள்ளிவிட்டேன், காலி. துடைத்தேன். ஆறாம் குழியில் எண்ணிப் பார்த்தால் 7. கலைத்துவிட்டு மூன்றாம் குழியில் தொடங்கினேன். 7. ஏழாம் குழி. 7.

ஏன் என்று அவளிடமே கேட்டேன். கையை வட்டமாகச் சுற்றிக் காட்டினாள். “எல்லாக் குழியிலயும் அஞ்சுதானே சார் இருக்கு. இது ரவுண்டு. ரவுண்டுல எது மொதல்?”

சமச்சீர் என்று நாம் பத்து நாள் நடத்தும் பாடம் அந்த ஒற்றைக் கேள்விக்குள் இருக்கிறது. பக்கத்தில் இருந்த பையன் உடனே குழிக்கு 6 வைத்துப் பார்த்தான். அப்போதும் 7தான் வந்தது. ஆனால் இரண்டே தடவை அள்ளியதும் சுற்று முடிந்துவிட்டது. 4 வைத்தால் ஏழு தடவை அள்ள வேண்டியிருந்தது, கிடைத்தது 6. மணி அடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போன பிறகும் என் மனதை ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. இத்தனை வருடம் என் கையில் இருந்த ஆட்டத்தில் இது எப்படி என் கண்ணில் படாமல் போனது? எனக்குத் தோன்றிய பதில் இதுதான். வகுப்பில் நான் எப்போதும் விடை தெரிந்த பக்கம்தான் நிற்கிறேன். கரும்பலகைக்கு இந்தப் பக்கம். அன்றைக்கு ஆட்டப் பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அதனால்தான் அவள் சொன்னது காதில் விழுந்தது. இன்று நான் உங்களிடம் பேச வந்ததும் அந்தப் பக்கத்தைப் பற்றித்தான்: ஆசிரியர்கள் ஒன்றாகக் கூடி, பிள்ளைகளுக்காக அல்லாமல் தாங்களே ஆடுவதற்காக ஆடுவது. அதை நம் பணியிடைப் பயிற்சியில் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்வது.

உலகத்தில் இது புதிதல்ல. 1968 ஆகஸ்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரில், கேரி கைகாக்ஸ் என்பவர் 50 டாலர் வாடகைக்கு ஒரு மண்டபம் பிடித்து, போர்க்கள ஆட்டம் ஆடுபவர்களைக் கூப்பிட்டார். வந்தவர்கள் சுமார் 100 பேர். ஜென் கான் என்ற அந்தக் கூடல் இன்று இண்டியானாபொலிஸ் நகரில் நடக்கிறது; 2023-இல் வந்தவர்கள் 70,000 பேருக்கும் மேல். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 1983 முதல் ஆண்டுதோறும் நடக்கும் ஸ்பீல் அதைவிடப் பெரிது. நான் இவற்றைச் சொல்வது கூட்டத்தின் அளவுக்காக அல்ல. ஜென் கான் தொடங்குவதற்கு முந்திய நாளை டிரேட் டே என்று ஒதுக்குகிறார்கள். அன்று கடைக்காரர்களோடு ஆசிரியர்களையும் நூலகர்களையும் அழைத்து உட்காரவைக்கிறார்கள். வகுப்பறையில் ஓர் ஆட்டத்தை எப்படித் தொடங்குவது, எப்படி நிறுத்துவது, ஆடி முடித்தபின் என்ன கேட்பது என்று பேசுகிறார்கள். பேசிய கையோடு ஆடுகிறார்கள்.

நம் நாட்டிலும் பெங்களூரு, மும்பை, சென்னை போன்ற நகரங்களில் இளைஞர்கள் சனி ஞாயிறுகளில் கூடிப் பலகை ஆட்டங்கள் ஆடுகிறார்கள். மெயின்லேண்டுக்கு லீவில் போயிருந்தபோது பெங்களூரில் அப்படி ஒரு கூடலுக்கு என் தங்கை மகன் கூட்டிப்போனான். அந்த ஒரு நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு ஹாலில் இருபது மேசை. ஒவ்வொன்றிலும் நான்கைந்து பேர். யாருக்கும் யாரையும் தெரியாது. காலி நாற்காலியில் போய் உட்காரலாம். நான் உட்கார்ந்த மேசையில் விங்ஸ்பேன் என்ற ஆட்டம். 2019-இல் எலிசபெத் ஹார்கிரேவ் என்ற அமெரிக்கப் பெண்மணி உருவாக்கியது. 170 பறவை அட்டைகள். ஒவ்வொன்றிலும் அந்தப் பறவை எங்கே வாழும், என்ன தின்னும், எத்தனை முட்டை இடும் என்று இருக்கும். அட்டைகளைப் பார்த்ததுமே எனக்குப் பயம் வந்துவிட்டது. எதிரே இருந்த கல்லூரிப் பையன் விதியைச் சொல்ல ஆரம்பித்தான். இரண்டு தடவை கேட்டும் எனக்குப் புரியவில்லை. மூன்றாவது தடவை கேட்கக் கூச்சமாக இருந்தது. மற்ற மூவரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். காது சூடாகிவிட்டது.

தலையாட்டிய அந்த நிமிடத்தில் எனக்கு என் வகுப்பின் கடைசி பெஞ்ச் ஞாபகம் வந்தது. “புரிஞ்சுதா?” என்று கேட்கிறேன். “புரிஞ்சுது சார்” என்று நாற்பது குரல். அதில் எத்தனை குரல் நான் அங்கே ஆட்டிய தலையைப் போன்றது? கேட்ட கேள்வியை மறுபடி கேட்பதற்கு ஒரு பிள்ளைக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது எனக்குப் புத்தகத்தில் தெரியும். உடம்பில் தெரிந்தது அன்றுதான்.

அந்தப் பையன் நல்ல ஆள். என் முகத்தைப் பார்த்துவிட்டான். “அங்கிள், எல்லாத்தையும் விடுங்க” என்று என் கையில் இருந்த அட்டைகளை வாங்கி மேசைமேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி விரித்து வைத்தான். “கடைசியில யாருக்குப் பாயின்ட் அதிகமோ அவங்க ஜெயிப்பாங்க. உங்க முறை வரும்போது நாலுல ஒண்ணுதான் செய்ய முடியும். முதல் ரெண்டு முறை நாம எல்லாரும் கையைத் திறந்து வச்சு ஆடுவோம். மத்தது வரவரச் சொல்றேன்.” அவ்வளவுதான். ஐந்தாவது முறைக்கு நான் அவனைக் கேட்காமலே ஆடினேன். தோற்றேன். மறுபடி ஆட ஆசையாக இருந்தது.

இப்படி விதி சொல்பவர்களை அந்த ஹாலில் நாள் முழுக்க மேசை மேசையாகப் போய்ப் பார்த்தேன். தேர்ந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். எதற்காக ஆடுகிறோம் என்பதை முதலில் சொல்கிறார்கள். பிறகு, உன் முறையில் உன்னால் என்ன செய்ய முடியும் என்று. விதிவிலக்குகளை, அது வந்து நிற்கும் இடத்தில்தான் சொல்கிறார்கள். காய் கையில் இருக்கும்போது சொல்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? வரையறையில் தொடங்குகிறோம். பிறகு வகைகள். பிறகு விதிவிலக்கு. பயிற்சிக் கணக்கு பாடத்தின் கடைசியில். அந்தப் பையன் எனக்கு விங்ஸ்பேனை நம் பாடப்புத்தகத்தின் வரிசையில் சொல்லியிருந்தால் நான் எழுந்து டீ குடிக்கப் போயிருப்பேன். அடுத்த வாரம் வந்து பின்ன வகுத்தலை அவன் வரிசையில் நடத்திப் பார்த்தேன். இத்தனை வருடமாக நடத்திய பாடம் எனக்கே புதிதாக இருந்தது.

ஆகவே, இத்தகைய கூடல்களில் இருந்து ஆசிரியர் மூட்டை கட்டிக்கொண்டு வரவேண்டியது ஆட்டப் பெட்டிகளை அல்ல என்பது என் எண்ணம். பெட்டியில் இருக்கும் ஆட்டம் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய். அது நம் பள்ளிக்கு ஒத்தும் வராது. அங்கே கிடைப்பது, தெரியாதவராக உட்காரும் அனுபவம்.

இதற்கு நேர்மாறான ஒரு நாளும் எனக்கு உண்டு. விளையாட்டு வழிக் கற்றல் பற்றிய பயிற்சி வகுப்பு. இடத்தின் பெயரும் ஆளின் பெயரும் வேண்டாம். காலை பத்து மணி முதல் மாலை நான்கு வரை ஸ்லைடு. விளையாட்டின் நன்மைகள் பதினாறு என்று எழுதிக்கொண்டோம். அன்று மாலைவரை அங்கிருந்த அறுபது பேரில் ஒருவர்கூட ஒரு தாயக்கட்டையைத் தொடவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. பயிற்சி கொடுத்தவரும் நம்மைப் போன்ற ஓர் ஆசிரியர்தான். அவருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் திரும்பி வந்து என்ன செய்தேன் தெரியுமா? பாம்புக் கட்டத்தை எடுத்து ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வாய்ப்பாட்டுக் கேள்வி எழுதினேன். விடை சொன்னால்தான் காயை நகர்த்தலாம். பத்து நிமிடத்தில் வகுப்பு வாடிவிட்டது. விடை தெரிந்த பிள்ளை தாயம் விழாமல் தோற்றது. விடை தெரியாத பிள்ளை எல்லோர் முன்னாலும் வாயடைத்து நின்றது. அது ஆட்டமாகவும் இல்லை, பாடமாகவும் இல்லை. ஒரு தடவை நான் அதை ஆடிப் பார்த்திருந்தால் வகுப்புக்குக் கொண்டுபோயிருக்க மாட்டேன். பல்லாங்குழியில் கணக்குதான் ஆட்டம். பாம்புக் கட்டத்தில் நான் கணக்கைப் பசை போட்டு ஒட்டியிருந்தேன்.

ஆசிரியர் தானே செய்துபார்த்துக் கற்பதைத் தமிழ்நாட்டில் ஒரு தடவை பெரிய அளவிலேயே முயன்றிருக்கிறார்கள். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. எம். பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். அதை முன்னெடுத்தார். சென்னை ஆசிரியர்களை ஆந்திரத்தின் ரிஷி வேலிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே பத்மநாப ராவும் ரமா அனுமுலாவும் கிராமத்து ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கியிருந்த அட்டைகளையும் கற்றல் ஏணியையும் நேரில் பார்த்துவிட்டு வந்து, தங்கள் அட்டைகளைத் தாங்களே எழுதினார்கள். அந்த ஏணியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது ஓர் ஆட்டப் பலகைதான். பிள்ளை தான் நிற்கும் படியைத் தானே கண்டுபிடித்து, அந்தப் படிக்குரிய படம் போட்ட அட்டையைத் தட்டில் இருந்து தானே எடுக்கும். ஒருவர் முன்னே போனால் இன்னொருவர் காத்திருக்க வேண்டியதில்லை. 2007-இல் தமிழ்நாடு முழுக்க, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அது விரிந்தது.

விரிந்தபோது என்ன நேர்ந்தது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. என் கருத்தைச் சொல்கிறேன். அட்டையைத் தானே எழுதிய ஆசிரியருக்கு அது ஆட்டம். அச்சடித்து வந்த பெட்டியைப் பிரித்த ஆசிரியருக்கு அது இன்னொரு பாடப்புத்தகம். பிறகு அந்த முறை மாறியது. 2022 ஜூனில் அங்கே எண்ணும் எழுத்தும் என்ற திட்டம் வந்தது, அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலைக்கேற்ற அட்டைகளோடும் பாடல்களோடும். 2023 பிப்ரவரியில் மத்திய அரசு ஜாதுயி பிடாரா என்ற பெட்டியை அறிமுகம் செய்தது: பொம்மை, புதிர், அட்டை எல்லாம் அடங்கியது. எல்லாம் நல்ல பொருள். பெட்டி வந்து சேர்வதற்கும் ஆசிரியர் அதை ஆடிப் பார்ப்பதற்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் நான் கவலைப்படுகிறேன். அந்த நாளை யாரும் நமக்கு ஒதுக்கித் தரவில்லை.

உயர்கல்வியில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் 1990-களின் நடுவில் மார்க் கார்ன்ஸ் என்ற வரலாற்றுப் பேராசிரியர், தன் வகுப்பு சலித்துப்போனதைக் கண்டு, மாணவர்களுக்குப் பாத்திரங்களைக் கொடுத்து வரலாற்றை வாதாட வைத்தார். ரியாக்டிங் டு தி பாஸ்ட் என்று அது இன்று பல நூறு கல்லூரிகளில் நடக்கிறது. அதில் ஓர் ஆட்டம் 1945-இன் சிம்லா மாநாடு: ஒருவர் காங்கிரஸ், ஒருவர் லீக், ஒருவர் அம்பேத்கரின் தரப்பு. இதைக் கற்பிக்க விரும்பும் பேராசிரியர்கள் ஆண்டுதோறும் ஓரிடத்தில் கூடுகிறார்கள். கூடி என்ன செய்கிறார்கள் என்றால், மாணவர்களாக உட்கார்ந்து அந்த ஆட்டத்தையே ஆடுகிறார்கள். தலை நரைத்த பேராசிரியர் முந்திய இரவு உட்கார்ந்து தன் பாத்திரத்தின் பேச்சைத் தயார் செய்கிறார், மறுநாள் தோற்றுப்போகிறார். அதற்குப் பெயர்தான் அங்கே பயிற்சி.

இதைப் படித்ததில் இருந்து எனக்கு ஓர் ஆசை. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடத்தின் பெயரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1858 மார்ச் 10-ஆம் தேதி 200 கைதிகளோடு இங்கே குடியிருப்பு தொடங்கியது. பிறகு வந்த கைதிகளில் ஒருவர் தூத்நாத் திவாரி, 1857 கிளர்ச்சியில் பிடிபட்ட சிப்பாய். சில வாரங்களிலேயே தப்பி ஓடினார். கிரேட் அந்தமானியர் அவரைப் பிடித்து, பிறகு தங்களோடு வைத்துக்கொண்டார்கள். ஏறக்குறைய ஓராண்டு அவர்களோடு வாழ்ந்தார், அங்கேயே மணமும் முடித்தார். அந்த மக்கள் வெள்ளையர் குடியிருப்பைத் தாக்கத் திரண்டபோது, அவர் முன்னால் ஓடிவந்து அதிகாரிகளிடம் செய்தியைச் சொல்லிவிட்டார். 1859 மே 17. வில்லும் அம்பும் துப்பாக்கியை எதிர்கொண்ட அபர்டீன் போர். இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னம் இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், நீர்விளையாட்டு வளாகத்தில் நிற்கிறது. திவாரிக்கு மன்னிப்புக் கிடைத்தது. அன்று ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர் இன்று ஐம்பது பேர் அளவில்தான் இருக்கிறார்கள்.

இதை ஒரு பத்தியாகப் படித்தால் பிள்ளைக்கு ஒரு தேதி கிடைக்கும். திவாரியின் இடத்தில் ஒரு பிள்ளையை உட்காரவைத்தால்? ஓடிப்போய்ச் சொல்வதா, பேசாமல் இருப்பதா? யாருக்கு அவர் கடன்பட்டவர்? தன்னைச் சங்கிலியில் பூட்டியவர்களுக்கா, சோறு போட்டவர்களுக்கா, தன்னைப் போலவே விலங்கில் இருந்த மற்றக் கைதிகளுக்கா? அந்தக் கைதிகளும் அந்தத் தாக்குதலில் சாகக்கூடும் அல்லவா? நாற்பத்தைந்து நிமிடம் போதாது, அப்படிப் பேசுவார்கள். ஆனால் இதை முதலில் நாம் ஆட வேண்டும். ஏன் என்றால், இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. முகத்தில் சாயம் பூசி, இலை கட்டிக்கொண்டு, பழங்குடி மக்களை வேஷமாக்கிவிடுவது மிகச் சுலபம். அவர்கள் நம் அண்டை வீட்டார், இன்றும் வாழும் மக்கள். எதை நடிப்பது, எதை நடிக்கக் கூடாது, யார் குரலை எடுத்துப் பேச நமக்கு உரிமை இல்லை என்பதை ஆசிரியர்கள் பத்துப் பேர் கூடி, ஆடிப் பார்த்து, தவறிப் பார்த்து, பேசித் தீர்க்க வேண்டும். பிள்ளைகள் முன்னால் போய் அதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

அதிகாரபூர்வமாக இதற்கு இடம் உண்டா என்று தலைமையாசிரியர்கள் கேட்பீர்கள். உண்டு. தேசியக் கல்விக் கொள்கை 2020, ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது தொழில்சார் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. அது ஆசிரியரின் சொந்த ஈடுபாட்டைப் பின்பற்றியதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம் தீவுகளின் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.யின் கீழ் வருபவை. அந்த 50-இல் 25 மணி நேரத்தைப் பள்ளிக்குள்ளோ பக்கத்துப் பள்ளிகளோடு சேர்ந்தோ நடத்திக்கொள்ள வழி இருக்கிறது. அந்த 25-இல் எனக்கு ஆறு மணி நேரம் கொடுங்கள் என்று கேட்கிறேன். வருடத்தில் ஒரு சனிக்கிழமை.

அந்தச் சனிக்கிழமைக்கு மெயின்லேண்டில் இருந்து ஆள் வரவேண்டியதில்லை. சென்னையில் இருந்து கப்பல் வர மூன்று நாள். நமக்குத் தேவையானவர்கள் நம்மிடமே இருக்கிறார்கள். காம்ப்பெல் பேயில் இருந்து வரும் கப்பலில் இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். இரண்டு நாள் பயணம், மேல்தட்டில் காற்று. எங்களோடு வந்த வங்காள ஆசிரியர் தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து பாக்பந்தி ஆடக் கற்றுக்கொடுத்தார். பார்த்துக்கொண்டிருந்த நான், இது நம் ஆடுபுலி ஆட்டத்தின் உறவு அல்லவா என்று பக்கத்திலேயே முக்கோணம் வரைந்து 23 புள்ளி வைத்தேன். 3 புலி, 15 ஆடு. தெலுங்கு ஆசிரியர் ஒருவர் எங்கள் ஊரில் இதுதான் புலி மேக்க என்றார். எல்லோருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த இந்திதான். அதில் விதி சொல்ல முடியாதபோது காயை நகர்த்திக் காட்டினோம். என்னோடு புலியாக ஆடியவர் அவசரப்பட்டு ஆடுகளை வெட்டினார். கடைசியில் மூன்று புலியும் நகர இடமில்லாமல் அடைபட்டுப்போயின. பிறகு ஒருவர் கேட்டார்: ஆடு 12 ஆக இருந்தால் யார் ஜெயிப்பார்கள்? ஆடு தானும் வெட்டலாம் என்றால்? பொழுது சாயும்வரை விதியை மாற்றி மாற்றி ஆடினோம். ஒரு விதியை மாற்றினால் மொத்த ஆட்டமும் எப்படிச் சாய்கிறது என்று பார்ப்பது அறிவியல் சோதனைக்குப் பக்கத்தில் இருக்கும் வேலை. எனக்கு நினைவு தெரிந்து நான் பெற்ற ஆகச்சிறந்த பணியிடைப் பயிற்சி, அந்தக் கப்பல் தட்டில் கிடைத்ததுதான்.

பொருளுக்கும் பஜார் போதும். சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, தையல் கடையில் மீந்த பொத்தான், புளியங்கொட்டை, மஞ்சாடி. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: காய்க்காகக் கடற்கரையில் கிளிஞ்சலும் சோழியும் பொறுக்க வேண்டாம். பல இனங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பிள்ளைகளையும் பொறுக்க அனுப்ப வேண்டாம்.

பெற்றோர் சிலர் கேட்கும் கேள்வியை இங்கே விட்டுவிட முடியாது. தாயம், சீட்டு என்றால் சூது அல்லவா, வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறாரே என்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. செல்போனில் பணம் வைத்து ஆடித் தொலைத்த குடும்பங்கள் நம் தெருவிலேயே இருக்கின்றன. அதனால்தான் பிள்ளைகளுக்குப் பணயம் இல்லாத ஆட்டம் எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டும் என்கிறேன். தோற்றால் எதுவும் போகாது, மறுபடி ஆடலாம், எங்கே பிசகியது என்று பேசலாம். தோல்வியை இப்படிப் பழகிய பிள்ளை, பத்தாம் வகுப்புத் தேர்வில் ஒரு மதிப்பெண் குறைந்ததற்காக நொறுங்காது என்று நம்புகிறேன். 

ஆடி முடித்தபின் பேசுவதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஆட்டம் முக்கால் மணி நேரம் என்றால் பேச்சு கால் மணி நேரமாவது வேண்டும். எங்கே திணறினாய், எப்போது பிடிபட்டது, யார் சொன்னது உதவியது, யார் சொன்னது குழப்பியது? ஆசிரியர்களுக்குள் இதைக் கூச்சமில்லாமல் பேசிக்கொள்வது முதலில் கடினமாக இருக்கும். இந்தி மீடியத்து இளைய டீச்சர் ஒருவர், இருபது வருடம் மூத்த தமிழ் மீடியத்து ஹெட்மாஸ்டரிடம், “சார், நீங்க சொன்ன விதி எனக்குப் புரியல” என்று சொல்லும் நாள் வர வேண்டும். அவர் காயை எடுத்து முதலில் இருந்து சொல்ல வேண்டும்.

இனி நான் பேசுவதைவிட ஆடுவது நல்லது. பின்னால் எட்டு மேசை போட்டிருக்கிறோம். உங்கள் பள்ளியில் இருந்து வந்தவர் பக்கத்தில் உட்காராதீர்கள். வேறு மொழி பேசுபவர் எதிரே உட்காருங்கள். நான்கு மேசையில் பல்லாங்குழிப் பலகை இருக்கிறது, குழிக்கு 5 மஞ்சாடி. முதல் ஆட்டக்காரர் தன் இடது ஓரக் குழியில் தொடங்கி 7 எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் 63 மிச்சம். இரண்டாவது ஆட்டக்காரர் பக்கம் ஒரு குழி காலி. ஆறு குழியில் முத்து இருக்கிறது. ஐந்து குழியில் ஏழேழாகக் குவிந்து கிடக்கும். கை அங்கேதான் போகும். ஒரு குழியில் மட்டும் ஒற்றை முத்து கிடக்கும். அதை எடுத்தால் 8 கிடைக்கும், முதல் ஆட்டக்காரரைவிட ஒன்று அதிகம். அந்தப் பெண்தான் எனக்கு இதையும் காட்டிக்கொடுத்தாள். மற்ற ஐந்து குழிகளில் எது என்ன தரும் என்பதை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். விதி தெரியாதவர்கள் கையைத் தூக்குங்கள், ஒருவர் வந்து பக்கத்தில் உட்காருவார். முதல் இரண்டு முறை எல்லோரும் கையைத் திறந்து வைத்து ஆடுங்கள்.